மாப்பிள்ளை வீட்டு முற்றுகை

வாங்க சார், வாங்க. பேர்ப்பலகைதானே? மெஷின்ல ஓடிக்கிட்டு இருக்கு. கொசு மாதிரி ஒரு சத்தம் கேக்குதுல்ல, அது உங்க பேருதான். இப்பத்தான் இனிஷியலை முடிச்சிருக்கு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. எந்திரிச்சு வணக்கம் சொல்லலைன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. பாக்குறீங்கள்ல, ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு. ரெண்டு சுவத்தைப் பசை போட்டுச் சேத்துப் பிடிச்சிருக்கேன். விட்டா சாஞ்சிரும். சாஞ்ச மேனிக்கே காஞ்சு போச்சுன்னா அப்புறம் பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும்.

இது என்னன்னா கேக்குறீங்க? ரயில்வே ஸ்டேஷன் சார். அந்தா, பிளாட்பாரம் தனியா காயுது. பொம்மை வீடு இல்ல, கொலுவுக்கும் இல்ல. வர்றவுங்க எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. இது சண்டை போடுறதுக்கு. சிரிக்காதீங்க சார், நெசமாத்தான் சொல்றேன்.

மாடியில ஒரு ஹாலு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா ஒரு கூட்டம் வரும். எல்லாம் படிச்ச பயலுக, கம்ப்யூட்டர் வேலை, பேங்க் வேலை. பெரிய மேசையைப் போட்டு, பாதி விரல் உசரத்துக்குச் சிப்பாய்களை நிறுத்தி, பகடையை உருட்டி உருட்டிச் சண்டை போடுவாய்ங்க. டேப்பை நீட்டி அளந்து பாத்துட்டு, 'என் டேங்கு இம்புட்டுத்தான் நகரும், உன் துப்பாக்கி இம்புட்டுத்தான் எட்டும்'னு ஒரே பஞ்சாயத்து. நெசச் சண்டையிலகூட இவ்வளவு கணக்கு இருக்காது. சரி, சண்டைன்னா ஊரு வேணும்ல? ஊருன்னா வீடு வேணும்ல? அந்த வீடு கட்டுறவன்தான் நானு.

ஆரம்பத்துல வெளிநாட்டுல இருந்து டப்பா வரவழைச்சாய்ங்க. தட்டையா பலகை இருக்கும், அதுல சுவரு, சன்னலு, படிக்கட்டு எல்லாம் வெட்டிக் கிடக்கும். பிச்செடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பசை வச்சு நிமித்தணும். நிஷாந்த்னு ஒரு தம்பி, அவருதான் அந்தக் கூட்டத்துக்குத் தலை, ஒரு நாள் டப்பாவும் கையுமா வந்தாரு. 'அங்கிள், ஒரு சுவத்தைக் காணோம், உங்க மெஷின்ல வெட்டித் தர முடியுமா'ன்னாரு. வெட்டிக் குடுத்தேன். 'ஒட்ட வரமாட்டேங்குது'ன்னாரு. ஒட்டியும் குடுத்தேன். அத்தோட சரி, மெஷினும் அவுங்க வேலைக்கே போச்சு, நானும் போனேன்.

பாத்தா, எல்லா வீட்டுக்கும் கூம்புக் கூரை, புகைபோக்கி. நான் கேட்டேன், 'ஏன் தம்பி, மாடியில தண்ணி டேங்க் இல்லாத ஊருல போய் எவன் சண்டை போடுவான்?' அப்புறம் நானே படம் போட்டு வெட்ட ஆரம்பிச்சேன். மொட்டைமாடி, கம்பிக் கிராதி, வாசல்ல தொங்குற திருஷ்டிப் பூசணி முதக்கொண்டு. பயலுக சொக்கிப் போயிட்டாய்ங்க. சிப்பாயை எல்லாம் தண்ணி டேங்குக்குப் பின்னாடி ஒளிய வச்சு ஒரே கொண்டாட்டம்.

அப்படி நான் கட்டுனதுலயே பேர் வாங்குன வீடு ஒண்ணு இருக்கு. என் மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளைன்னா மக புருஷன் இல்ல சார், என் தங்கச்சி இந்துமதி புருஷன். தங்கப்பாண்டின்னு பேரு. பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரு. விசில் இல்லாம குளிக்கக்கூடப் போக மாட்டாரு. அந்த மனுஷனைப் பத்தி ஒரு வார்த்தை குறையா சொல்லமாட்டேன். நடந்ததை மட்டும் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

தை மாசம் புது வீடு கட்டிக் குடிபோனாரு. எங்கள்ல ஒரு வழக்கம் இருக்கு. பொண்ணு பொறந்த வீட்டுல இருந்து அடுப்பும் பால் சட்டியும் போகணும். அண்ணன்காரன் கொண்டுபோய் இறக்கி வைக்கணும். அந்த அடுப்புல, அந்தச் சட்டியிலதான் மொதப் பால் பொங்கணும். மத்ததெல்லாம் அதுக்கப்புறம். எங்களுக்கு அப்பா அம்மா இல்ல சார். பொறந்த வீடுன்னா அவளுக்கு நான் ஒருத்தன்தான். அதனால நல்ல அடுப்பா பாத்துப் பாத்து வாங்கி, வெண்கலச் சட்டி வாங்கி, பட்டு வேட்டி கட்டிக்கிட்டுப் போறேன். வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே வாசம் வருது. பால் பொங்கி வழிஞ்ச வாசம்! சமையல் மேடையில பதிச்சு வச்ச கண்ணாடி அடுப்புல காய்ச்சியே முடிச்சிட்டாரு. அடுப்பைத் தலையில வச்சுக்கிட்டு நிக்கிறேன், என்கிட்ட டம்ளர்ல பாலை நீட்டுறாரு. 'மச்சான், நல்ல நேரம் முடிஞ்சிருச்சு'ன்னு ஒரு வார்த்தை. கையில வாட்ச்சு வேற.

லேட்டா? லேட்டுன்னு சொல்ல முடியாது சார். கோரிப்பாளையத்துல வண்டி நகரவே இல்ல. சரி, கெளம்பினதும் கொஞ்சம் பிந்திப் போச்சுன்னு வச்சுக்கங்களேன். அன்னைக்குப் பாத்து நிஷாந்துக்கு ஒரு சர்ச் முடிச்சுத் தர வேண்டியிருந்துச்சு. கோபுரத்தை ஒட்டிப் பிடிச்சிட்டேன். பசை இழுத்து இறுகுறதுக்கு முன்னாடி விட்டா கோபுரம் சாயும். மனசாட்சி உள்ள எவனும் விட மாட்டான். என் பொண்டாட்டி பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு கத்துறா. கோபுரத்துக்கு அவ கத்துறது புரியுமா? அது வேற விஷயம், அதை விடுங்க. விஷயம் என்னன்னா, மச்சானுக்காகக் காத்திருக்கணுமா, வேணாமா? அதைச் சொல்லுங்க.

அப்படியே அடுப்பைத் தூக்கிக்கிட்டுத் திரும்பிட்டேன். ஒரு வாய் சாப்பிடல. கேசரி மட்டும். அதுவும் பந்தியில உக்காரல, நின்னுக்கிட்டேதான்.

அதுக்கப்புறம் பேச்சு வார்த்தை இல்ல. தங்கச்சி என் பொண்டாட்டிக்குப் போன் போடுவா, எனக்குப் போட மாட்டா. நானும் போடல. இறங்கிப் போறதுக்கு நான் என்ன தப்பு செஞ்சேன்? அந்த நேரத்துலதான் நிஷாந்த் வந்து, 'அங்கிள், நடு ஊருல கோட்டை மாதிரி ஒரு வீடு வேணும், அதைப் பிடிக்கத்தான் சண்டையே, குண்டு மேல குண்டா விழும்'னாரு. என் வயித்துல பாலை வார்த்துட்டாரு சார். கட்டுறேன் தம்பி, கட்டுறேன், இப்படி ஒரு வீட்டை நீங்க பாத்தே இருக்க மாட்டீங்கன்னேன்.

ஆனா அளவு வேணும்ல? வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு சபதம் போட்டாச்சு. எதிர்த்தாப்புல ஒரு டீக்கடை இருக்கு, அங்க போய் உக்காந்தேன். மாடிக் கிராதியை உத்து உத்துப் பாத்தா டீக்கடைக்காரரு என்னை வீட்டு புரோக்கர்னு நெனச்சுக்கிட்டாரு. 'அது வாத்தியாரு வீடுண்ணே, விலைக்கு வராது'ன்னாரு. ஒரு நாள் தங்கச்சி மாடிக்குத் துணி காயப்போட வந்தா. டக்குனு பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டேன். கொஞ்சம் எளைச்ச மாதிரி தெரிஞ்சா. நான் கிராதியைப் பாக்கத்தான் போனேன், இருந்தாலும் கண்ணுல படுதுல்ல. மறுநாளும் போனேன். கிராதி மனசுல சரியா நிக்கல. அந்த வாரம் பூராவும் நிக்கல.

உள்ள எப்படி இருக்குன்னு பாக்கப் பொண்டாட்டியை அனுப்புனேன். செல்போன்ல படம் எடுத்துட்டு வந்தா, மாடிப்படி மட்டும் படத்துல விழல. 'உங்களுக்குப் பொறாமை'ன்னா. 'போடி, இது போர்த் தந்திரம்'னேன்.

வீடு முடிஞ்சது சார். அதே பச்சைப் பெயின்ட்டு, அதே டேங்கு, அதே துளசி மாடம், மாடியில துணிக்கொடி. கொடியில நூலைக் கட்டி ஒரு துண்டுச் சேலைகூடக் காயப் போட்டேன். கூரையை ஒட்டுறதில்ல, தூக்கி வைக்கிற மாதிரி இருக்கும். உள்ள சிப்பாய் நிறுத்தணும்ல. சுவரும் லேசாத்தான் ஒட்டியிருக்கும். குண்டு விழுந்த சுவத்தைப் பிச்சு ஓரமா வச்சிரணும், அதான் ஆட்டம்.

மொத ஞாயிறு. மொதக் குண்டுலயே வாசல் கேட்டு காலி. அன்னைக்கு எனக்கு அப்படி ஒரு தூக்கம். அடுத்த வாரம் முன் சுவரு. அதுக்கடுத்த வாரம் கார் நிறுத்துற இடம். மேசை ஓரமா முறுக்கைக் கடிச்சுக்கிட்டு நானும் ஒவ்வொரு குண்டுக்கும், 'வாங்கிக்கங்க மாப்ள! நல்ல நேரமா? இதாங்க நல்ல நேரம்!'னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன்.

திங்கக்கிழமை ஆனா நானே எல்லாத்தையும் திரும்ப ஒட்டிருவேன். யாரும் கேக்கல. 'ஒடைஞ்ச வீடுதான் அங்கிள் போருக்கு அழகு'ன்னு நிஷாந்த்கூடச் சொன்னாரு. நான் விடுவேனா? வீடு சுத்தமா இருந்தாத்தானே ஒடைக்கிறதுல ஒரு சுகம்? பெயின்ட்டு உரிஞ்ச இடத்துல பூசி, கோலத்தைத் திரும்பப் போட்டு வைப்பேன். ஒரு பய ஆட்டத்துல கை பட்டு அந்தத் துணிக்கொடியை அத்துட்டான். அவனை வைஞ்ச வசவு இருக்கே, பாவம், ஒரு மாசமா அவன் இந்தப் பக்கமே வரல.

அப்புறம் ஒரு சட்டமும் போட்டேன். வீட்டுல எங்க வேணாலும் சுடலாம், சமையல்கட்டுப் பக்கம் மட்டும் குண்டு விழக்கூடாது. 'ரூல்ஸ் புக்குல அப்படி இல்லையே அங்கிள், ஏன்?'னு நிஷாந்த் கேட்டாரு. 'அங்க என் தங்கச்சி இருப்பா தம்பி'ன்னுட்டேன். வாய் தவறி வந்திருச்சு. எல்லாப் பயலும் என்னையே பாத்தாய்ங்க. 'சிலிண்டர் வெடிச்சிரும்ல, அதுக்குச் சொன்னேன்'னு சமாளிச்சேன்.

இப்படி நிம்மதியாப் போய்க்கிட்டு இருந்த வாழ்க்கையில யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. யாருன்னு கண்டுபிடிக்கவே முடியல சார். என் பொண்டாட்டியைத் தவிர வேற யாருக்கும் விஷயமே தெரியாது.

போன ஞாயித்துக்கிழமை, ஆட்டம் சூடா இருக்கு. மாடிப்படியில ஷூ சத்தம். திரும்பிப் பாத்தா, கழுத்துல விசிலோட மாப்பிள்ளை நிக்கிறாரு. எனக்கு முறுக்கு தொண்டையில நின்னுபோச்சு. மேசையைப் பாத்தாரு. பச்சை வீட்டைப் பாத்தாரு. வீட்டைச் சுத்தி நிக்கிற டேங்கைப் பாத்தாரு. குனிஞ்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டு சன்னல் வழியா உள்ள பாத்தாரு. கடைசியா நிமிந்து, 'மச்சான், மாடிப்படி இடது பக்கம்ல திரும்பும்?'னாரு.

அதாவது, அத்தனை மாசம் கழிச்சு மனுஷன் என்கிட்டப் பேசுன மொத வார்த்தை அது. 'டீக்கடையில இருந்து பாத்தா படி தெரியல மாப்ள'ன்னு நானும் உளறிட்டேன்.

'இந்த வீட்டுப் பக்கம் நின்னு சண்டை போடுறது யாரு?'ன்னு கேட்டாரு. ஒருத்தன் கையைத் தூக்குனான். 'தள்ளு'ன்னாரு. அவன் எடத்துல இவரு நின்னுக்கிட்டாரு. என் வீட்டை நானே காப்பாத்துறேன்னு ஒரு வைராக்கியம். சார், அந்த ஆட்டத்தை நீங்க பாக்கணுமே. ஆட்டம் தெரியாது, சட்டம் தெரியாது. சிப்பாய்களை எல்லாம் அசெம்ப்ளி மாதிரி மாடியில வரிசையா நிறுத்துனாரு. பகடை மேசையை விட்டு உருண்டுச்சுன்னா விசில் ஊதி 'ஃபவுல்'ங்கிறாரு. எதிரி சிப்பாய் ஒருத்தன் வாசப்படி தாண்டுனதுக்கு, 'செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லு'ங்கிறாரு. பயலுக விழுந்து விழுந்து சிரிக்கிறாய்ங்க. ஆனா ஒண்ணு, இவரு உருட்டுனா எல்லாம் நல்லதா விழுகுது. வந்த டேங்கெல்லாம் தெருமுனையிலயே நின்னுபோச்சு.

அப்பப் பாத்து எதிர்ப்பக்கம் பீரங்கி வச்சிருந்த பயலுக்குப் போன் வந்து வெளிய போயிட்டான். நிஷாந்த் சிரிச்சுக்கிட்டே, 'அங்கிள், நீங்க உருட்டுங்க'ன்னு பகடையை என் கையில குடுத்துட்டாரு.

நெனச்சுப் பாருங்க சார். மாப்பிள்ளை எதிர்ல நிக்கிறாரு, நடுவுல அவரு வீடு, என் கையில பீரங்கி. தை மாசத்துல இருந்து நான் வேண்டாத தெய்வம் இல்ல. பகடையைக் குலுக்கி விட்டேன். ஆறு! பெரிய பீரங்கிக்கு ஆறு விழுந்தா வீடே தரைமட்டம், நான் போட்ட சட்டமும் நிக்காது, சமையல்கட்டு, பூஜையறை எதுவும் மிஞ்சாது. அந்த வீட்டுக்கு அதுவரைக்கும் ஆறு விழுந்ததே இல்ல. பயலுக 'ஓ'ன்னு கத்துறாய்ங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, 'இது செல்லாது'ன்னுட்டேன். 'பகடை டேப்புல சாஞ்சு நிக்குது, திரும்ப உருட்டுறேன்'ங்கிறேன்.

மாப்பிள்ளை விசிலை ஊதுனாரு. 'பகடை நேராத்தான் இருக்கு. எங்க வீடா இருந்தாலும் ரூல் ரூல்தான்'னாரு. அவரு வீட்டுக் கூரையை அவரே ரெண்டு கையால தூக்கி ஓரமா வச்சாரு. உள்ள குனிஞ்சு பாத்தவரு நிமிரவே இல்ல.

'மச்சான், இது என்ன?'

'எது மாப்ள?'

'சமையல்கட்டுல.'

'அடுப்பு.'

'எங்க வீட்டுல இப்படி ஒரு அடுப்பு இல்லையே. இது மேல சட்டி வேற இருக்கு.'

அந்த அடுப்பைச் செய்யத்தான் சார் எனக்கு ரொம்ப நாள் பிடிச்சுச்சு. வெண்கலக் கலரு அமையவே இல்ல. விளையாடுற பயலுக ஒருத்தனுக்கும் அது என்னன்னே தெரியாது. வெடிமருந்துப் பெட்டின்னு நெனச்சு, அதுக்குப் பின்னாடி சிப்பாயைப் பதுக்கி வைப்பாய்ங்க. நானும் சொன்னதில்ல.

'இருந்திருக்கணும் மாப்ள'ன்னேன்.

அவரு விசிலைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. அவரு விசிலைக் கழட்டி நான் பாத்ததே இல்ல. 'அன்னைக்கு உங்க தங்கச்சி தீப்பெட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு வாசலை விட்டு நகரல மச்சான். எங்க அடுப்புக்குத் தீப்பெட்டி எதுக்கு? திருகுனா எரியும். உங்க அடுப்புக்குன்னு வச்சிருந்தா. அய்யரு நேரம் போகுது, நேரம் போகுதுன்னு என் உசுர எடுத்தாரு. நான்தான் போய்த் திருகிட்டேன். அன்னையில இருந்து அந்த வீட்டுல எனக்கு ஒரு காப்பி சூடா வந்ததில்ல. பிந்தி வந்தது நீங்க, ஆறிப்போன காப்பி எனக்கு.'

சார், எனக்கு அழுகையே வந்திருச்சு, மறைப்பானேன். பயலுககிட்ட மட்டும் பெயின்ட்டு வாடைன்னு சொல்லி வச்சேன். நிஷாந்த் தம்பி நல்ல பிள்ளை, ஃபேனை வேகமா வச்சாரு.

போகும்போது மாப்பிள்ளை வாசல்ல நின்னு, 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அடுப்பைக் கொண்டுக்கிட்டு வாங்க. இன்னொரு தரம் காய்ச்சுவோம்'னாரு. ஒரே வீட்டுக்கு ரெண்டு தடவை பால் காய்ச்சுனா ஊரு சிரிக்கும் மாப்ளன்னேன். 'காப்பியைச் சூடாக் குடிக்கணும்னா சிரிக்கட்டும்'னுட்டுப் போயிட்டாரு.

ஆமா சார், வெள்ளிக்கிழமை இன்னைக்குத்தான். அடுப்பு வெளிய ஸ்கூட்டர்ல கட்டியிருக்கே, பாக்கலையா? பொண்டாட்டி மத்தியானமே அங்க போயிட்டா. ஏன் இன்னும் இங்க உக்காந்திருக்கேனா? நேரம் இருக்கு சார், நிறைய நேரம் இருக்கு. இந்தச் சுவரு மட்டும் கொஞ்சம் இழுத்துக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்கு ஸ்டேஷன் வேணும்ல, பயலுக நம்பிக்கிட்டு இருக்காய்ங்க.

போன் அடிக்குது. சட்டைப் பையில சார், கொஞ்சம் எடுங்களேன், கையை எடுக்க முடியல. யாரு பேரு வருது? இந்துமதியா! அய்யோ, காதுல வைங்க, வைங்க. 'ஆங், பாப்பா! கெளம்பிட்டேன் பாப்பா, வந்துக்கிட்டே இருக்கேன். சத்தமா? அது... பக்கத்துல ஒரு மினி பஸ்ஸு நிக்குது. ம். ம். நீ எதுக்கு வெயில்ல நிக்கிற? உள்ள போ. போக மாட்டியா? சரி. சரி பாப்பா.'

வச்சிருங்க சார். வாசல்லதான் நிக்கிறாளாம். நான் வர்ற வரைக்கும் உள்ள போக மாட்டாளாம். எனக்கே போன் போட்டுட்டா, பாத்தீங்களா? தை மாசத்துக்கு அப்புறம் இதுதான் மொதத் தடவை.

சார், ஒரு நிமிஷம் இப்படி வாங்க. கையைக் காட்டுங்க. இந்தச் சுவத்தைக் கட்டை விரலால, அந்தச் சுவத்தை இந்த ரெண்டு விரலால. அமுக்க வேணாம், சும்மா அணைச்சுப் பிடிங்க. ஆங், அப்படித்தான். பரவாயில்லையே, நல்ல கை சார் உங்களுக்கு. விட்றாதீங்க. மூச்சுகூடக் கொஞ்சம் அந்தப் பக்கமா விடுங்க. பசை இழுத்ததும் உங்களுக்கே தெரியும். மெஷின் தானா நின்னுரும், உங்க பேரை நீங்களே எடுத்துக்கங்க, போகும்போது ஷட்டரைப் பாதி இறக்கி விட்ருங்க.

ஏன் சார் முழிக்கிறீங்க? நான் என்ன ஓடியா போறேன், பொறந்த வீட்டுச் சீரு கொண்டு போறேன். அன்னைக்கும் இப்படி ஒரு கஸ்டமர் வந்து உக்காந்திருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது.